ஒரு பாய் அகலம்

கொரட்டூரில் என் தம்பிக்கு இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது சின்னசாமி. ஊர் வைத்தது ஓட்டசாமி. சிலம்பாட்டத்தில் எதிராளியைக் கண்டு ஓடிப்போனானாம், அதனால் அந்தப் பெயராம். அவன் ஓடவில்லை. அன்றைக்கு ஏரிக்குள் கூடி நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே பெயர் வைத்தார்கள், தெரிந்துகொண்டே அவன் சாகும்வரை அப்படிக் கூப்பிட்டார்கள். நான் படித்தது கொஞ்சம், எனக்குள் இருக்கும் ஆத்திரம் அதைவிட அதிகம். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பூங்காவனம், அவனுக்கு மூத்தவள். சின்ன வயதில் பூந்தமல்லியில் மாமன் வீட்டில் இருந்தபோது அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து கற்றுக்கொண்டேன். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் காலராவில் போய்விட்டான். சோறு போட ஆள் இல்லை என்று மாமியார் வீட்டில் என்னை வாசலில் நிறுத்தினார்கள். தம்பிதான் வந்தான். என் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, "வா அக்கா, நம்ப ஊட்டுக்குப் போலாம்" என்று முன்னால் நடந்தான். அவனைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

அவன் பிழைப்பு ஏற்றம் மிதிப்பது. கிணற்றோரம் நட்ட தூணின்மேல் ஆடும் ஏற்றமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். அவன் முன்னே வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே போனால் தண்ணீரோடு மேலே வரும். கால் கொஞ்சம் தவறினாலும் கிணறுதான். அவன் மிதித்தது பெரிய வீட்டுக் கிணற்றில். பெரிய வீடு என்றால் மிராசுதார் வீரராகவன் வீடு. ஏரிக்குக் கீழே இருந்த நல்ல நிலமெல்லாம் அவர்களுடையது. ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவர்கள், மீதிப் பேர் அந்தச் சோற்றுக்காகக் காத்திருந்தவர்கள்.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பூந்தமல்லியிலிருந்து ராயப்பன் வருவார். அங்கே வண்டிப்பட்டறை வைத்திருந்தவர். காலையில் மாதா கோயில் பூசை முடித்துவிட்டு, சாயங்காலம் எங்கள் ஏரிக்குள் தண்ணீர் வற்றின பக்கம் கம்போடு வந்து நிற்பார். கம்பு கற்றுக்கொடுப்பவரை எங்கள் பக்கத்தில் வஸ்தாது என்பார்கள். அவரிடம் வந்தவர்கள் எல்லாம் மீசை முளைத்து, பிள்ளை பெற்ற ஆட்கள். ஏர் ஓட்டுகிறவர்கள், வண்டிக்காரர்கள், ரயில் பாதையில் கல் குத்துகிறவர்கள். என் தம்பியும் போனான்.

போனவனுக்குக் கம்பைக் கண்ணில் காட்டவில்லை. முதலில் நிற்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, தொடை நடுங்குகிறவரை நிற்க வேண்டும். நடுங்கின பிறகும் நிற்க வேண்டும். நாள்முழுக்க ஏற்றம் மிதித்தவனுக்கு நிற்பதில் கஷ்டம் இல்லை. நடப்பதில்தான் மாட்டிக்கொண்டான். ஏற்றமரத்தில் நடந்து நடந்து அவன் பாரமெல்லாம் குதிகாலில் இருந்தது. வஸ்தாது அவன் குதிகாலில் ஒரு குச்சியால் தட்டுவார். "டேய், இது ஏத்தம் இல்லடா. பாரத்த முன்னங்கால்ல வை. பின்னால சாஞ்சா அடி தானா வந்து உம்மேல வுயும்" என்பார்.

பிறகு வீடு கட்டுதல். ராயப்பன் குதிகாலால் மண்ணில் ஒரு கட்டம் கீறுவார். ஆள் படுக்கிற ஒரு பாய் அகலம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள்ளேயே முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும், பக்கத்தில் விலக வேண்டும், திரும்ப வேண்டும். எந்த அடி வந்தாலும் கட்டத்தை விட்டு வெளியே கால் போகக் கூடாது. "கால்தாண்டா ஊடு கட்டுது. கை சும்மா கதவத் தொறந்து மூடுது, அவ்ளோதான்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. தம்பி ராத்திரிச் சோற்றுக்கு உலை கொதிக்கும் நேரத்தில்கூட அடுப்படியில் வீடு கட்டுவான். "என் ஊட்ட மெரிச்சே இடிச்சிடாதடா" என்று நான் கரண்டியால் விரட்டுவேன்.

கால் படிந்த பிறகு மூச்சு, மூச்சு படிந்த பிறகு கம்பு. வீச்சும் தடுப்பும் தனித்தனியாக. பிறகு எல்லாவற்றையும் கோத்து வரிசை. எதிரில் ஆள் இல்லாமலே, ஆள் இருப்பதாக நினைத்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஆட வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் ஆளோடு ஆட்டம். கம்பு நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்புக் குழம்பில் தோய்ப்பார்கள். எதிராளி உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்தவன் ஜெயித்தவன். பொட்டுத்தான் வைக்க வேண்டும், தோலைக் கிழிக்கக் கூடாது. முழு வீச்சில் வரும் கம்பை உடம்பில் படுகிற இடத்தில் நிறுத்துவதற்குத்தான் இத்தனை வருஷப் பாடும். "தொட்டா ஆட்டம், அடிச்சா சண்டை" என்பான் தம்பி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது சலாம். அதை நான் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தம்பியின் வாழ்க்கை அதில்தான் போயிற்று. களத்தில் இறங்கியவன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நாலு பக்கமும் குனிவான். கடைசியில் எதிராளிக்குக் குனிவான். எதிராளியும் அதே அளவு குனிந்து திருப்பிப் போட வேண்டும். அவன் திருப்பிப் போடும்வரை யாரும் கம்பை ஓங்கக் கூடாது. திருப்பிப் போட்டுவிட்டால், பிறகு யாரும் களத்தை விட்டுப் போகக் கூடாது. சலாம் மாற்றிக்கொண்ட பிறகு விட்டுப் போனவனுக்குத்தான் ஓடினவன் என்று பெயர். இது எங்கள் ஊர்ச் சட்டம். அம்பத்தூரிலும் இதுதான், ஆவடியிலும் இதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுக்குச் சில வருஷம் முந்தி, ஒரு ஆடி மாதம். கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிற திருவிழா. ஏரிக்குள் ஈரம் காயாத இடத்தில் களம் போட்டிருந்தார்கள், விழுந்தாலும் அடிபடாது என்று. கடைசியில் ஜெயிக்கிறவனுக்குக் கரகத்துக்கு முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போகிற மரியாதை. அன்றைக்கு என் தம்பி எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, தன் உடம்பில் ஒரு பொட்டுக்கூட வாங்காமல் நின்றான். இன்னும் ஒரே ஓர் ஆட்டம். எதிராளியாக இறங்கியது பெரிய வீட்டு மகன் ஜானகிராமன்.

ஜானகிராமன் பட்டணத்தில் ஏதோ ஒரு வஸ்தாதுவிடம் சில மாதம் போய் வந்தவன். பித்தளைப் பூண் போட்ட கம்பு, இடுப்பில் பட்டு. என் தம்பி மண்ணைத் தொட்டான், நாலு பக்கம் குனிந்தான், அவனுக்கும் குனிந்தான். ஜானகிராமன் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். தம்பி இன்னொரு தரம் குனிந்தான். அவன் முகவாயை மட்டும் தூக்கினான்.

"சலாம் போடுங்க சின்னய்யா, ஆடலாம்" என்றான் தம்பி.

"இன்னாது? எங்க கெணத்துல ஏத்தம் மெரிக்கிறவனுக்கு நான் குனியறதா? எடுடா கம்ப."

"எனுக்கு வாணாம் சின்னய்யா. ஆட்டத்துக்குப் போடுங்க. சலாம் இல்லாம கம்பு எடுத்தா அது சண்டை. உங்களோட எனுக்கு இன்னா சண்டை?"

சொல்லிவிட்டுத் தன் கம்பைக் கீழே வைத்தான். களத்து ஓரத்திலிருந்து ராயப்பன் வஸ்தாது, "சலாம் ஆவல! ஆட்டத்த நிறுத்துங்க!" என்று கத்தினார். நிறுத்த வேண்டியவர் பரந்தாமன். ஆட்டத்துக்கு நடுவர், பெரிய வீட்டுக்குக் காரியஸ்தர். அவர் ஏரிக்கரையில் இருந்த பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பனைமரமே பார்க்காதவர் போல அப்படிப் பார்த்தார்.

ஜானகிராமன் கம்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்.

நான் பெண்கள் கூட்டத்தில் இருந்தேன். தம்பி கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கால் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டது. தலைக்கு வந்தால் ஒரு கால் விலகினான், காலுக்கு வந்தால் திரும்பினான், குத்தாக வந்தால் பக்கத்தில் சாய்ந்தான். வேகமாகக்கூட இல்லை. மூச்சு வாங்கவில்லை. பூண் போட்ட கம்பு காற்றை அடித்தது, மண்ணை அடித்தது, ஒருதரம் ஜானகிராமனின் முழங்காலையே அடித்தது. என் தம்பி முதுகைக் காட்டவே இல்லை. கடைசியில் ஜானகிராமன் தலை சுற்றி, சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தான். கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

தம்பி கை நீட்டினான். "எழுந்திருங்க சின்னய்யா."

ஜானகிராமன் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். முகமெல்லாம் சிவந்து, "பாத்தீங்களா? கம்பக் கீய போட்டுட்டு ஓடினான். களம் பூரா ஓடிகினே இருந்தான் பயந்தாங்கொள்ளி!" என்றான்.

எல்லோரும் பரந்தாமன் பக்கம் திரும்பினார்கள். பிறகு பரந்தாமன் பனைமரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "ஆமா. ஓடினான். சின்னய்யாதான் கெலிச்சாரு" என்றார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு களத்துக்குள் போனேன். "வாங்க, வந்து மண்ணப் பாருங்க!" என்று கத்தினேன். ஈர மண்ணில் என் தம்பியின் காலடி அத்தனையும் அச்சாகப் பதிந்து கிடந்தது. ஒரு பாய் அகலம். அதற்கு வெளியே ஒரு விரல் பதியவில்லை. சுற்றிலும் கன்றுக்குட்டி துள்ளின மாதிரி ஜானகிராமன் காலடி. "ஓடினவன் காலடியா இது? ஓடினவன் முதுகுல சுண்ணாம்பு இருக்காதா? எங்க, ஒரு பொட்டு காட்டுங்க!" என்றேன். யாரும் குனியவில்லை. நாலைந்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள், என் காலைப் பார்த்தார்கள், ஆனால் மண்ணை மட்டும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர், "கூழு ஆறிப்போவுது, வாங்கடா" என்றார். எல்லோரும் அவர் பின்னால் போய்விட்டார்கள். அந்தக் கூழுக்குக் கேழ்வரகு பெரிய வீட்டுக் களஞ்சியத்திலிருந்து வந்தது. ஒரு சொம்புக் கூழுக்குக் கண்ணை விற்ற ஊர் இது. எனக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை, அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் ஏற்றத்துக்குப் போனவனைப் பரந்தாமன் வழியிலேயே நிறுத்திவிட்டார். ராயப்பன் வஸ்தாது இனி ஏரிக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சேக்காட்டில் தம்பிக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தோம். பெண்வீட்டார் வந்து, "தப்பா நெனச்சிக்காதம்மா, ஓடினவனாமே?" என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடிக்காமலே போனார்கள். பிறகு அவன் கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டான். செங்கல் சூளையில் மண் மிதித்தான், மூட்டை தூக்கினான். கடைத்தெருவில் உப்பு வாங்கப் போனால்கூட, "இன்னா ஓட்டசாமி, ஓடி வந்தியா, நடந்து வந்தியா?" என்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அவனிடம் சுண்ணாம்புப் பொட்டு வாங்கினவர்கள்.

எனக்கு அவர்கள் மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதீர்கள், அவன் மேலும் கோபம்தான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே வெடித்துவிட்டேன்.

"ஒரு அடி, ஒரே ஒரு அடி திருப்பிக் குடுத்திருந்தா இந்தப் பேரு வந்திருக்குமாடா? கையில வித்தைய வெச்சிகினு மரமாட்டம் நின்னியே!"

"குடுத்திருந்தா அவரு மண்ட பொளந்திருக்கும் அக்கா. அதுக்கா கத்துகினேன்?"

"உன் பொழப்பு பொளந்துச்சே, அது பரவால்லியா?"

அவன் ரசத்தைத் தூக்கிக் குடித்தான். இன்றைக்கும் எனக்கு அவன் சொன்னது முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அவன் வேறு மாதிரி செய்திருந்தால் அது அவனாக இருந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பயிற்சியை மட்டும் அவன் விடவில்லை. விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் நிலை, காலடி, மூச்சு, வரிசை, எல்லாம் நடக்கும். ஆனால் வரிசையை எத்தனை நாள் தனியாக ஆடுவது? தடுப்புப் பழக எதிரில் ஓர் ஆள் வேண்டும். கூடப் பழகினவர்கள் பெரிய வீட்டுக்குப் பயந்து அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, நெல் குத்துகிற உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் நானே எதிரில் போய் நின்றேன்.

"வா, எங்கூட ஆடு" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எனக்கு ஒரு கம்பு கொண்டுவந்து கொடுத்தான். மண்ணைத் தொட்டு, நாலு பக்கம் குனிந்து, எனக்கும் முழுசாகக் குனிந்தான். "திருப்பிப் போடு அக்கா. அப்பறம்தான் கம்பு" என்றான். அன்றையிலிருந்து தினமும் அதுதான். என் பாரத்தை முன்னங்காலுக்குக் கொண்டுவர அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. தண்ணீர்க்குடம் தூக்கின இடுப்பு அவ்வளவு லேசில் வளையுமா? ஆனால் வளைந்தது. அடுத்த கோடைக்குள் ஒரு பாய் அகலத்துக்குள் நானும் வீடு கட்டினேன். ஊருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் அவன் விடவில்லை. ஒவ்வொரு ஆடித் திருவிழாவிலும் கம்போடு களத்தில் இறங்குவான். மண்ணைத் தொடுவான், நாலு பக்கம் குனிவான், ஜானகிராமன் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்துக் குனிந்துவிட்டுக் காத்து நிற்பான். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்: திருப்பி ஒரு சலாம். பழி வாங்க வேண்டாம், கரக மரியாதை வேண்டாம். அந்த ஒரு சலாம் வந்துவிட்டால் ஆட்டம் நடக்கும், ஆட்டம் நடந்தால் அவன் ஓடுகிறவன் இல்லை என்று ஊர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஜானகிராமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே பக்கத்து ஆளிடம் பேசுவான். வேறு எவனும் எதிரில் இறங்கத் துணிய மாட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பரந்தாமன், "எதிராளி இல்ல, களத்த உட்டுப் போ" என்பார். தம்பி களத்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். வருஷா வருஷம் இதே கூத்து. கூட்டம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு சண்டை வந்தது, உலகச் சண்டை. ஆவடிப் பக்கம் வயல்களை எடுத்துக்கொண்டு பட்டாளத்தார் கொட்டகை போட்டார்கள். தம்பிக்கு அங்கே சாமான் இறக்குகிற வேலை கிடைத்தது. அந்த முகாமுக்குக் காய்கறியும் வைக்கோலும் கொடுக்கிற காண்ட்ராக்ட் யாருக்கு? ஜானகிராமனுக்குத்தான். ஒருநாள் சாயங்காலம் தம்பி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னான்.

"இன்னிக்கு சின்னய்யாவ வாசல்ல பாத்தேன் அக்கா. ஒரு வெள்ளக்கார சோல்ஜர் வந்தான். அதிகாரிகூட இல்ல, சின்ன ஆளு. அவனுக்கு நெத்தி முட்டிய தொடுற அளவுக்கு சலாம் போட்டாரு."

"நீ இன்னா பண்ணே?"

"மூட்டைய எறக்கிகினு இருந்தேன். அவரு முதுகு நல்லாத்தான் வளையுது. பாவம், வலியோ இன்னாவோன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு இருந்தேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழைப்புக்காக எவன் காலிலும் விழுகிற முதுகு, மரியாதைக்காக மட்டும் வளையாது என்றால் அந்த முதுகை என்னவென்று சொல்வது?

சண்டை முடிந்து முகாமில் ஆள் குறைத்தார்கள். தம்பி மறுபடி சூளைக்குப் போனான். ஜானகிராமனுக்கு அதற்குள் ஊர்ப் பெரிய மனிதன் ஆகிற ஆசை வந்துவிட்டது. சுயராஜ்யம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசுகிற நேரம். வீரராகவன் செத்த பிறகு வீட்டு முகப்பில் சிலம்பச் சங்கம் என்று ஒரு பலகை மாட்டினான். அவனே தலைவர். தோளில் சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, தமிழன் வீரம், சிலம்ப மரபு, ஒழுக்கம் என்று மேடையில் பேசினான். ஒழுக்கமாம்! அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். என் காதையே நான் நம்பவில்லை. கைதட்டினவர்களைப் பார்த்தேன், எல்லாம் அன்றைக்குக் கூழ் குடித்த முகங்கள்.

சுதந்திரத்துக்கு முந்தின தை மாதம் தம்பிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பூந்தமல்லியிலிருந்து வைத்தியரைக் கூட்டி வந்தேன், பயனில்லை. காய்ச்சல் வேகத்தில் படுத்த இடத்திலேயே அவன் கால் அசைந்துகொண்டிருந்தது. "இன்னாடா பண்றே?" என்றேன். "ஆடிக்கு எறங்கணும் இல்ல?" என்றான். ஆடிவரை அவன் இருக்கவில்லை.

அவன் போன மறுநாள் முற்பகல், வாசலில் பலகை போட்டு அவனைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றின தண்ணீரில் வாசல் மண் முழுக்கச் சேறாகிவிட்டது. பாடையில் அவன் பக்கத்தில் நானே அவன் கம்பை வைத்தேன். ராயப்பன் வஸ்தாது நடை தளர்ந்துபோய், வண்டி பிடித்து வந்திருந்தார். கம்பு பிடித்தவன் செத்தால், தூக்குவதற்கு முன்னால் ஆட்டக்காரர்கள் சலாம் போடுவது வழக்கம். இத்தனை வருஷம் முகம் திருப்பிக்கொண்டு போனவர்கள் எல்லாம் வரிசையாக வந்து போட்டார்கள். நான் பாடையோரம் உட்கார்ந்திருந்தேன். செத்த வீட்டில் யாரிடம் சண்டை போடுவது?

அப்போது ஜானகிராமன் வந்தான். பின்னால் சங்கத்து ஆட்கள், கையில் பெரிய மாலை. அதே பித்தளைப் பூண் கம்பு. மாலையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாலு பக்கமும் குனிந்தான். கடைசியில் என் தம்பியின் காலைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தான்.

"அடேங்கப்பா, எம்மாம் பெரிய மனசு!" என்றாள் என் பின்னால் ஒருத்தி. பரந்தாமன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் உடம்பு பற்றி எரிந்தது. உயிரோடு இருந்தவன் வருஷா வருஷம் எதிரில் நின்று கேட்டதைக் கொடுக்காதவன், திருப்பிப் போட முடியாத பிணத்துக்குப் போடுகிறான். அதற்குப் பெயர் பெரிய மனசாம். திருட்டுப் பயல். திருப்பிப் போட ஆள் இல்லை என்ற தைரியத்தில்தானே குனிந்தான்!

எழுந்தேன். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கட்டவில்லை. பாடையில் இருந்த கம்பை எடுத்தேன். "பூங்காவனம், இன்னா பண்றே?" என்று யாரோ கேட்டார்கள். மண்ணைத் தொட்டேன். நாலு பக்கமும் குனிந்தேன். பிறகு ஜானகிராமனுக்கு, அவன் குனிந்த அதே அளவு, ஒரு துளி குறையாமல் குனிந்தேன். என் கம்பு நுனியை அவன் கம்பின் மேல் வைத்தேன்.

"எந்தம்பிக்குப் போட்ட சலாத்த அவன் அக்கா நான் வாங்கிகினேன். திருப்பியும் போட்டுட்டேன். ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. எடு கம்ப" என்றேன். வாழ்நாளில் அந்த வீட்டு ஆள் ஒருவனை நான் ஒருமையில் பேசினது அன்றைக்குத்தான்.

அவன் சுற்றிலும் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "துக்கத்துல இவளுக்குப் புத்தி பெரண்டு போச்சி. யாராவது புடிங்கய்யா."

யாரும் பிடிப்பதற்குள் ராயப்பன் வஸ்தாது குரல் வந்தது. கிழட்டுக் குரல்தான், ஆனால் தெருவுக்கே கேட்டது. "சலாம் ஆயிடுச்சி. இனிமே யாரும் களத்த உட்டுப் போவக் கூடாது."

எல்லோரும் பரந்தாமனைப் பார்த்தார்கள். அவர் பார்ப்பதற்கு எங்கள் தெருவில் பனைமரம் இல்லை. "மொற அதான்" என்று முணுமுணுத்தார்.

"சாவு ஊட்டுல, பொம்பளையோட கம்பாட்டம் ஆடச் சொல்றீங்களா?" என்றான் ஜானகிராமன்.

"சாவு ஊட்டுல சலாம் போட்டது நீதானே?" என்றேன்.

குதிகாலால் சேற்றில் ஒரு கட்டம் கீறினேன். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பாரத்தை முன்னங்காலுக்குக் கொண்டுவந்து நின்றேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. கம்பு தெரிந்தவன்தானே, நிலையைப் பார்த்தால் தெரியாதா? நான் கம்பை ஒரு சுற்றுச் சுற்றி அவன் தோளுக்கு விட்டேன். துண்டின் சரிகையில் பட்டதும் நிறுத்தினேன். தொட்டேன், அவ்வளவுதான், அடிக்கவில்லை. என் தம்பி கற்றுக்கொடுத்தது அதுதான், அதை அவன் எதிரில் மீற எனக்கு மனசில்லை.

ஜானகிராமன் ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி வைத்தான். அடுத்த சுற்றுக்கு நான் கம்பைத் தூக்கியதும் திரும்பிவிட்டான். துண்டு சேற்றில் விழுந்தது, எடுக்கவில்லை. சங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான் கம்பைத் தம்பி பக்கத்தில் திரும்ப வைத்தேன். "தூக்குறதுக்கு முன்னால ஒரு நிமிசம்" என்றேன். தூக்க வந்தவர்கள் நின்றார்கள். நான் கீழே கை காட்டினேன். வாசல் சேற்றில் என் காலடி ஒரு பாய் அகலத்துக்குள் கிடந்தது. சேறு அப்பின இன்னொரு காலடி அங்கிருந்து கிளம்பி, வாசலைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போயிருந்தது.

கூழ் ஆறிப்போகிறது என்று சொல்ல அன்றைக்கு அங்கே கூழ் இல்லை. எல்லோரும் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள்.